யோகண்ணையும் டெக்சாஸ் நேயரும்

செய்தி வந்தபோது நான் டண்டினொங் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். யோகண்ணையின் மகள் துளசிதான் போன் எடுத்துச் சொன்னாள். "அன்ரி, அப்பா போயிட்டார். விடியக்காலமை. பீஸ்ஃபுல்லாத்தான் போனவர்" என்றாள். "சரி பிள்ளை, வாறன்" என்றேன். மீன் வெட்டுகிறவர் தலையும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். உப்பும் புளியும் சரியாகவே இருந்தன. செத்தவீட்டுக்குப் போகிற நாளில் மீன் சமைத்திருக்கிறேன் என்பது, ட்ருகனினாவில் இருக்கும் துளசி வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது பாதி வழியில்தான் உறைத்தது.

இதை எழுதுகிற இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடையதோ போல, அப்படித்தான் இருக்கிறேன். மற்றவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தேன். இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துளசி கேட்டபோது, அழுகை வராதவள்தான் எழுதலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

யோகராசா என்ற முழுப்பெயரில் அவரைக் கூப்பிட்டவர்கள் அவருடைய கல்லூரிக்காரர்கள் மட்டும்தான். மெல்பேர்ணில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். உங்களில் அனேகருக்கு அவர் ஞாயிறு காலைக் குரல். நம்முடைய சமூக வானொலியில் 'வரவும் செலவும்' நிகழ்ச்சியை அவரும் நானும் சேர்ந்து நடத்தினோம். சேர்ந்து என்றால், அவர் பேசுவார், நான் மரண அறிவித்தல் வாசிப்பேன், பாட்டுப் போடுவேன், உங்கள் தொலைபேசி அழைப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவேன். வார நாட்களில் நான் ஒரு மாநகர சபையில் வீட்டு வரிப் பகுதியில் தொலைபேசி எடுப்பவள். ஆகவே ஏழு நாளும் எனக்கு அதே தொழில்தான், ஆட்கள் திட்டுவதைக் கேட்பது.

உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கோயிலில் கேட்டீர்கள், கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்று கேட்டீர்கள், இப்போது செத்தவீட்டிலும் ஒருவர் கேட்டார். "ஏன் இந்த மனுசன் எப்ப பாத்தாலும் அமெரிக்காக்காரன்ரை வரியையே கதைச்சவர்? எங்களுக்கு அதாலை என்ன?" வானொலிக் குழுவும் இதைக் கேட்டது. வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசுங்கள், முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தைச் சமையல் நிகழ்ச்சிக்குக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். யோகண்ணை கதிரையை விட்டு எழும்பாமல், "சமையலுக்கு வேறை நேரம் பாருங்கோ. இது எனக்கு வேணும்" என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத பொருளியல்காரரை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அந்தக் காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில், அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்லவேண்டும். அமெரிக்க வரியைப் பற்றிய எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு நான் எழுதிக்கொண்டு போன அறிமுகத்தில் 'அமெரிக்க மக்களுக்கு வரி நிவாரணம்' என்று ஒரு வரி இருந்தது. அங்கத்தைய அரசியல்வாதிகள் சொல்வதை அப்படியே தமிழில் எழுதியிருந்தேன். அவர் பேனையால் அதை வெட்டினார். "நந்தினி, நிவாரணம் உனக்கு எப்ப கிடைச்சது?" என்று கேட்டார். இடம்பெயர்ந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த காலத்தில், அரிசியும் பருப்பும், என்றேன். "அப்ப அது என்னத்திலையிருந்து நிவாரணம்? பசியிலையிருந்து. வரியும் பசியும் ஒண்டோ? வரிக்குறைப்பு எண்டு எழுது. ஆற்றையோ பக்கத்தை முதல் வசனத்திலையே எடுக்காதை." இத்தனைக்கும் அவர் வரிக்குறைப்புக்கு எதிரான கட்சி.

அமெரிக்கக் கதையை அவர் சொல்கிற விதம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். மேற்குக் கரையில் ஒரு மாநிலத்தில் வீட்டுக்காரர் எல்லாரும் வாக்குப் போட்டு வீட்டு வரிக்கு ஒரு மூடி போட்டார்கள். வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறி, பென்ஷன்காரர் வீட்டை விற்கவேண்டிய நிலை வந்ததால் அவர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்று யோகண்ணை ஒவ்வொரு தடவையும் சொல்வார். அடுத்த வீட்டுக்காரனின் நியாயமான கோபத்தில் தேர்தல் வெல்லலாம் என்பதை அரசியல்வாதிகள் கண்டுபிடித்த கதைதான் மிச்சம். வரியைக் குறைத்தால் தொழில் பெருகி அரசாங்கத்தின் வருமானம் தானாகக் கூடும் என்று ஒரு கொள்கை வந்தது. "வரி மலை மாதிரி இருந்தாக் குறைக்க வருமானம் கூடலாம். ஆனா எல்லாரும் தங்கட முற்றத்து மண்மேட்டை மலையெண்டெல்லோ சொல்லுகினம்" என்பார். பிறகு, எந்தக் காலத்திலும் எந்த வரியையும் கூட்டமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைக்காதவருக்குக் கட்சியில் இடம் கிடைப்பதே கஷ்டம் என்றாகிவிட்டது. வரி குறைந்தது, செலவு குறையவில்லை, கடன் ஏறியது. கடன் ஏறியதும், பார்த்தீர்களா காசில்லை, பள்ளிக்கூடத்தைக் குறைப்போம் என்றார்கள்.

"சங்கத்திலை சந்தா கூட்டமாட்டம் எண்டு எல்லாரும் சாமிப் படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணிப்போட்டு, வாணி விழாவுக்குக் கடன் வாங்கினா என்ன நடக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். ஒரு நேயர் எடுத்து, அது எங்கள் சங்கத்தில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது என்றார். நிகழ்ச்சி முடியுமட்டும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

நம்முடைய ஆட்களுக்கு வரி என்ற சொல்லே பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஊரில் அரசாங்கமும் இயக்கமும் என்று இரண்டு பக்கமும் வரி கேட்ட காலத்தை அனுபவித்துவிட்டு வந்தவர்கள் நாம். "அங்கையும் கட்டினம், இங்கையும் கட்டுறமே?" என்று கிளேற்றனிலிருந்து ஒரு அம்மா கோபமாகக் கேட்டா. அவர் தன் குரலைத் தாழ்த்தி, "அம்மா, அங்கை கட்டினதுக்கு நாங்கள் கணக்குக் கேக்கேலாது. கேட்டா உயிர் போகும். இங்கை கேக்கலாம். நாங்கள் கேக்கிறதை விட்டிட்டு, கட்டாமல் விடத்தான் பாக்கிறம்" என்றார். என் அலுவலக மேசையில் நான் தினமும் காணும் காட்சி அது. வீட்டு வரிக்கு மேல்வரம்பு வைத்ததற்கு இங்கே விக்டோரியாவிலும் கைதட்டினார்கள். அதே ஆட்கள்தான் நடைபாதை ஏன் உடைந்து கிடக்கிறது என்று எனக்கு எடுத்துக் கேட்பார்கள்.

இனி டெக்சாஸ் நேயர். நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்ட எல்லாருக்கும் அவரைத் தெரியும். நம் வழக்கப்படி அழைப்பவர்கள் பெயரும் ஊரும் சொல்லவேண்டும். அவர் பெயர் சொல்லமாட்டார். "டெக்சாஸிலையிருந்து ஒரு நேயர்" என்று மட்டும் சொல்வார். இங்கே ஞாயிறு காலை என்றால் அங்கே சனி பின்னேரம். இணையத்தில் கேட்டுவிட்டு வாரம் தவறாமல் எடுப்பார், வாரம் தவறாமல் யோகண்ணையோடு சண்டை பிடிப்பார். "ஐயா, எங்கட மாநிலத்திலை வருமான வரியே இல்லை, தெரியுமோ?" என்று தொடங்குவார். "வீட்டு வரி எவ்வளவு கட்டுறியள் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ" என்று இவர் முடிப்பார். இரண்டு பேரும் 'ஐயா', 'நேயர் அவர்கள்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் குறுக்கே விழுகிற அழகில் ஒரு மரியாதையும் இருக்காது.

எங்கள் நிகழ்ச்சியில் யோகண்ணைக்குப் பதில் சொல்ல வராமல்போன ஒரே நாளும் அந்த நேயரால்தான் வந்தது. வரி என்பது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, றோட்டு என்று இவர் அடுக்கிக்கொண்டு போக, அவர் நிறுத்தினார். "ஐயா, எங்கட அப்பா கடை வைச்சு ஒழுங்கா வரி கட்டினவர். அந்தக் காசிலை அரசாங்கம் என்ன வாங்கினது? எங்கட பள்ளிக்கூடத்துக்கு மேலை போடக் குண்டு வாங்கினது. எனக்கு அரசாங்கமெண்டா அதுதான். அதின்ரை கைக்கு எவ்வளவு குறைய காசு போகுதோ அவ்வளவுக்கு நல்லது. நான் ஒரு கட்சிக்காரனும் சொல்லி இதை நம்பேல்லை." யோகண்ணை என்னைப் பார்த்துப் பாட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்தக் கடையில் இவரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சீனி நிறுத்துக் கட்டியிருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரியவந்தது சிட்னியில். அங்கத்தைய தமிழ் வானொலி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். விழாவுக்கு முதல் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகவேண்டும், அன்று தன் தாயின் திவசம் என்றார் யோகண்ணை. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் ஐயர். அவர் தன் பெயரைச் சொல்லவில்லை, துளசியின் பெயரையும் சொல்லவில்லை. "சந்திரகுமார், அவிட்ட நட்சத்திரம்" என்றார். வெளியே வந்து கோயில் கன்ரீனில் தோசை சாப்பிடும்போது, "ஆர் யோகண்ணை சந்திரகுமார்?" என்று கேட்டேன். சட்னியைத் தொட்டுக்கொண்டே, "உன்ரை டெக்சாஸ் நேயர். என்ரை தம்பி" என்றார்.

அன்றைக்குச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதலாமா என்று துளசியிடம் கேட்டேன், அவளுக்குச் சம்மதம். தம்பியிடமும் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா நான் தோத்துப்போனன் எண்டு மட்டும் எழுதாதேங்கோ" என்றார்.

சந்திரகுமார் டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில் பெற்றோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் வைத்திருப்பவர். தாய் அவரோடுதான் இருந்தா. அந்த ஊர் ஆஸ்பத்திரி நட்டத்தில் ஓடியது. அதைக் காப்பாற்ற வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அங்கே அப்படி ஒரு வழக்கம், வரியைக் கூட்டுவதென்றால் சனத்திடம் கேட்கவேண்டும். கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர்களில் சந்திரகுமாரும் ஒருவர். தன் கடை வாசலில் பலகையும் நட்டிருக்கிறார். கூடாது என்ற பக்கம் வென்றது. பிறகு ஆஸ்பத்திரி மூடியது. மூடிக் கொஞ்ச நாளில் தாய்க்குப் பாரிசவாதம் வந்தது. அம்புலன்ஸ் அடுத்த பட்டணத்துக்குப் போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு மெல்பேர்ணிலிருந்து போன அண்ணன், ஐயர் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது, சொந்தக்காரர் முன்னால் தம்பியைப் பார்த்து, "நீ போட்ட வாக்குத்தான் அம்மாவைச் சாகடிச்சது" என்று சொல்லிவிட்டார். கிரியையை இரண்டு பேரும் சேர்ந்து செய்து முடித்தார்கள். விமானநிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் தம்பிதான். அதோடு பேச்சு நின்றது.

"நந்தினி, முப்பது வருஷம் பிள்ளையளுக்கு நான் என்ன படிப்பிச்சனான்? ஒரு விளைவுக்கு ஒரு காரணம் மட்டும் சொல்லுறவனை நம்பாதை எண்டு. அதைப் படிப்பிச்ச வாயாலை என்ன சொன்னன் பாத்தியே" என்றார். போன் எடுத்து மன்னிப்புக் கேட்கலாமே என்றேன். "எடுத்தாப்போலை? அம்மாவைப் பற்றிக் கதைக்க வேணும். என்னாலையும் ஏலாது, அவனாலையும் ஏலாது" என்றார். தாயின் செத்தவீடு முடிந்து சில மாதம் கழித்துத்தான் அந்த முதல் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் உள்ளே விட்ட ஒரு அழைப்பில், டெக்சாஸிலிருந்து ஒரு நேயர் அமெரிக்க வரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். யோகண்ணைக்கு முதல் சொல்லிலேயே குரல் தெரிந்துவிட்டது. மறுமொழி சொன்னார். அடுத்த வாரமும் அழைப்பு வரவேண்டும் என்பதற்காக, அடுத்த வாரமும் அமெரிக்க வரியையே பேசினார். நண்பர்களே, இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி. வட்டியைப் பற்றிப் பேசியிருந்தால் டெக்சாஸிலிருந்து ஒருவர் எடுக்க வேண்டிய தேவை இல்லை.

சிட்னியில் இதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன. அந்த நேயர் எடுக்கும்போதெல்லாம், உள்ளே விட முதல் என்னிடம், "ஐயா சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்பார். நல்ல மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்து, ஓம் ஓம் என்று சொல்லி விடுவேன். சிட்னியிலிருந்து வந்த பிறகு ஒழுங்காக மறுமொழி சொல்லத் தொடங்கினேன். இருமல் குறைந்துவிட்டது, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், நேற்றுத் துளசி வீட்டில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று சொல்வேன். அவர் "நல்லது" என்பார். நிகழ்ச்சி முடிந்ததும் இவர் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே, "இண்டைக்கு அந்த லைன் கொஞ்சம் தெளிவில்லை என்ன? களைச்ச மாதிரிக் கேட்டுது" என்பார். லைன் தெளிவாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் என்னைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள், சம்பளமும் இல்லை.

போன வருடம் யோகண்ணைக்கு வயிற்றில் புற்று என்று கண்டார்கள். ஆருக்கும் சொல்லக்கூடாது என்றார். நான் நேயரிடம் சொல்லவில்லை. துளசி தன் சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வாரம் பேசிய விஷயம் இறக்குமதித் தீர்வை. ஒரு வரியும் கூட்டமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் துறைமுகத்தில் தீர்வையைக் கூட்டினால் அது வரியில்லையா, கடைசியில் அதைக் கடைக்கு வருகிற சனந்தானே கட்டுகிறது என்று இவர் கேட்டார். டெக்சாஸ் நேயர் வந்தார். "ஐயா சொல்லுறது சரி. நான் ஒத்துக்கொள்ளுறன்" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

யோகண்ணையின் முகம் மாறிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும், "துளசி சொல்லிப்போட்டாள்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "ஒத்துக்கொள்ளுறானே. சின்னனிலை கரம்போட் விளையாடேக்கையும் ஒத்துக்கொள்ளாதவன். எனக்குச் சாவு வருகுதெண்டு இரக்கப்படுறான்." அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அடுத்த கிழமை லைனிலை விட முதல் அவனுக்குச் சொல்லு. வழமை மாதிரிச் சண்டை பிடிக்கிறதெண்டா எடுக்கச் சொல்லு. இல்லாட்டி எடுக்க வேண்டாம்." நான் அதை அப்படியே சொன்னேன். "சரி, சொல்லுங்கோ, பிடிக்கிறன் எண்டு" என்றார்.

அவருடைய கடைசி நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். என்ன கேட்டோம் என்பது அநேகமாக உங்களுக்குத் தெரிந்திருக்காது. குரல் மெலிந்திருந்தது. அன்றைக்கு அமெரிக்காவின் நாட்டுப்புற ஆஸ்பத்திரிகள் ஏன் மூடுகின்றன என்று பேசினார். சனம் பட்டணத்துக்குப் போகிறது, டொக்டர்மார் நாட்டுப்புறத்தில் நிற்கிறார்கள் இல்லை, காப்புறுதி இல்லாத நோயாளிகள் அதிகம், காப்புறுதிக் கொம்பனிகள் இழுத்தடிக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் இதைச் சொன்னார். "ஒரு ஊர்ச்சனம் வரி வேண்டாமெண்டு ஒருக்கா வாக்குப் போட்டதாலைதான் ஒரு ஆஸ்பத்திரி மூடினது எண்டு ஆராவது சொல்லியிருந்தா, அவர் பொருளியல் கதைக்கேல்லை. கோபத்திலை கதைச்சவர். அது பிழை. பெரிய பிழை." பாடப்புத்தகத்தை வாசிப்பது போலத்தான் சொன்னார். நான் மட்டும் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தேன்.

அழைப்பு வந்தது. உள்ளே விட்டேன். "இல்லை ஐயா" என்றார் தம்பி. "நான் உங்களோட ஒத்துக்கொள்ள மாட்டன். அந்த வரியைக் கட்டியிருந்தா, அந்த ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கும். அந்தக் கொஞ்ச நாளே போதும். வாக்கும் ஒரு காரணம்தான்."

"ஒரு காரணம்தான் நேயர் அவர்கள். முழுக் காரணமில்லை."

"முழுக் காரணமெண்டு நானும் சொல்லேல்லை ஐயா."

"அப்ப சரி" என்றார் யோகண்ணை. பிறகு, "நந்தினி, பாட்டைப் போடு" என்றார். பாட்டுப் போகும்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்பதான் ஒழுங்காச் சண்டை பிடிக்கிறான்" என்றார். அதற்குப் பிறகு அவர் கலையகத்துக்கு வரவில்லை. இரண்டு பேரும் நேரில் பேசவுமில்லை. போனிலாவது பேசிக்கொண்டார்களா என்று துளசியிடம் பிறகு விசாரித்தேன். அப்பா கடைசிவரை எடுக்கவில்லை, சித்தப்பாவும் எடுக்கவில்லை என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. ஒருதரம் 'தம்பி' என்று கூப்பிட்டிருக்கலாம்.

செத்தவீட்டுக்கு டெக்சாஸிலிருந்து ஆரும் வரவில்லை. நேரலை ஏற்பாடு செய்திருந்தார்கள். கமெராவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் போகவேண்டாம் என்று ஒரு அங்கிள் ஆட்களை விலத்திக்கொண்டே இருந்தார். துளசியின் மகள் என்னிடம் வந்து, "அன்ரி, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். ஓகே என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. சுடலையிலும் அப்படித்தான் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு வழமைபோல் கலையகத்துக்குப் போனேன். மரண அறிவித்தல் வாசித்தேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் மெல்பேர்ணை வதிவிடமாகவும் கொண்ட யோகராசா அவர்கள் என்று தொடங்கி, துளசியின் அன்புத் தந்தையும், சந்திரகுமார் (அமெரிக்கா) அவர்களின் பாசமிகு சகோதரரும் ஆவார் என்று முடித்தேன். எத்தனையோ பேருக்கு வாசித்த அதே குரலில்தான் வாசித்தேன். நிகழ்ச்சியை நிறுத்திவிடுவதாக அறிவிக்கத்தான் அன்றைக்குப் போயிருந்தேன். குழுவுக்கும் சொல்லியிருந்தேன்.

அறிவிக்க முதல் அழைப்பு வந்தது. ஐயா சுகமா என்று அவர் கேட்கவில்லை. "இனி ஆரோட கதைக்கிறது?" என்று கேட்டார். நான் லைனைத் திறந்து உள்ளே விட்டேன்.

"டெக்சாஸிலையிருந்து சந்திரகுமார் கதைக்கிறன். யோகராசாவின்ரை தம்பி" என்றார். கேட்டுக்கொண்டிருந்த உங்களில் சிலர் அந்த இடத்தில் அழுததாகப் பிறகு சொன்னீர்கள். "நான் அஞ்சலி செலுத்த எடுக்கேல்லை. அண்ணை சொன்ன ஒரு விஷயத்தை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளேல்லை. இண்டைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை. சனத்தின்ரை காசைச் சனத்தின்ரை கையிலை விட்டா, அதுகள் தங்களைத் தாங்களே பாக்குங்கள். அரசாங்கம் தேவையில்லை."

எனக்குக் கோபம் வந்தது. மீன் சந்தையில் நின்ற நாளிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். "அண்ணை, நான் கவுன்சிலிலை போன் எடுக்கிறனான். தெரு லைட் எரியேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் எனக்குத்தான் எடுக்கிறவை. ஒருத்தரும் தங்கட காசிலை ஒரு லைட்டும் போட்டதை நான் காணேல்லை" என்றேன். அவர், லைட் வேறை, ஆஸ்பத்திரி வேறை என்றார். எப்படி வேறை என்று நான் கேட்டேன். அவர் குறுக்கே விழுந்தார், நானும் விழுந்தேன். எங்கள் நேரம் முடிந்து, அடுத்த நிகழ்ச்சிக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை.

"நீங்கள் அண்ணை மாதிரி வடிவா விளங்கப்படுத்திறியள் இல்லை" என்றார் அவர்.

"அவர் இல்லைத்தானே" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது. வானொலியில் சத்தமில்லாமல் போகக்கூடாது என்பது முதல் பாடம், நான் அதை மறந்து இருந்தேன். கடைசியில் அவர்தான், "பரவாயில்லை, போகப்போகப் பழகும்" என்றார்.

நிகழ்ச்சியை நிறுத்தும் அறிவித்தலை நான் வாசிக்கவில்லை. யோகண்ணையின் படிப்பு எனக்கில்லை, அவருடைய பொறுமையும் இல்லை. அவருடைய புத்தகங்களைத் துளசி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள், அது சரியான வேலை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய தம்பியை. வாரத்தில் ஒருநாள் அவரோடு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது இனி என் வேலை.